நிமிர்வாலன் வீட்டுப் பாம்பு

ஒரு கொறங்காட்டில் ஒரு கருஞ்சிட்டு இருந்தது.

கொறங்காடு என்றதும் அடர்ந்த காட்டை நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. மழை குறைந்த மேட்டு நிலம். மாடு மேய விட்டுவைத்த புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் ஒரு கற்குவியல். அவ்வளவுதான். சிங்கம், புலி எதுவும் அங்கே கிடையாது. இருந்திருந்தால் பசியால் செத்திருக்கும்.

கருஞ்சிட்டு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவை. உடம்பெல்லாம் கறுப்பு, இறகில் ஒரு வெள்ளைப் பட்டை, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். அந்தச் செங்கல் நிறம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்றோ என்னவோ, இவன் வாலை எப்போதும் முதுகுக்கு மேலே தூக்கியே வைத்திருப்பான். அதனால் இவனுக்கு நிமிர்வாலன் என்று பெயர்.

இவன் மனைவி மண்ணாத்தாள். அவள் மண் நிறம். கல்லோரம் உட்கார்ந்தால் கல் எது, குருவி எது என்று தெரியாது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அந்த வருடம் மழை தப்பிப்போனது. மழை இல்லாததால் புல் இல்லை. புல் இல்லாததால் வெட்டுக்கிளி இல்லை. வெட்டுக்கிளி இல்லாததால் மண்ணாத்தாள் முட்டையிடவில்லை. பிறகு வைகாசியில் ஒரே ஒரு மழை பெய்தது. கற்குவியலின் இடுக்கில் அவசர அவசரமாகக் கூடு கட்டி மூன்று முட்டையிட்டாள். இது போனால் இனி அடுத்த வருடம்தான். அடுத்த வருடமும் மழை பெய்தால்தான்.

கருஞ்சிட்டுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. புல், வேர், ஆட்டுமயிர் எல்லாம் வைத்துக் கூடு கட்டியபின், பாம்பு உரித்துப்போட்ட சட்டையில் ஒரு சிறு துண்டைக் கொண்டுவந்து உள்ளே வைக்கும். ஓணான் முட்டை திருட வரும். ஓணானை அந்தப் பக்கத்தில் ஒடக்கான் என்பார்கள். ஒடக்கான் இடுக்குக்குள் தலையை நீட்டும். மூக்கில் பாம்புச்சட்டை உரசும். வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிவிடும். பயந்து ஓடிவந்தது வெட்கக்கேடு என்பதால் யாரிடமும் சொல்லவும் சொல்லாது. இப்படி ஒவ்வொரு ஒடக்கானும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்ததால் அந்தக் கொறங்காட்டில் கருஞ்சிட்டுகள் பிழைத்துவந்தன.

மண்ணாத்தாளும் ஒரு துண்டு வைத்தாள். முட்டைக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல்.

ஒருநாள் கிளுவை வேலியில் நிமிர்வாலனுக்கு ஒரு முழுச்சட்டை கிடைத்தது. தலையிலிருந்து வால்வரை ஓர் இடத்தில்கூடக் கிழியவில்லை. அதை இழுத்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் ஒரு முள்ளில் மாட்டித் தொங்கவிட்டான்.

"ஏனுங்க, அது எதுக்கு வாசல்ல?" என்று கேட்டாள் மண்ணாத்தாள்.

"நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான்."

"உள்ள ஒரு துண்டு இருக்குதுங்களே. பத்தாதுங்களா?"

"உள்ள இருந்தா ஆருக்குத் தெரியும்? ஒடக்கானுக்கு மட்டுந்தான் தெரியும். ஒடக்கான்கிட்ட மரியாதை வாங்கி என்ன பண்றது?"

"மரியாதைக்கா வெச்சோம்? முட்டைக்குத்தானுங்க வெச்சோம்."

நிமிர்வாலன் வாலை இன்னும் கொஞ்சம் தூக்கினான். பேச்சு முடிந்தது என்று அதற்குப் பொருள்.

சற்று நேரத்தில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. இந்தக் குருவிகள் தனியாக எங்கும் போகாது. ஒன்று பேசி முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்கவும் காத்திருக்காது.

"அது என்னங்க தொங்குது?" என்று எல்லாம் சேர்ந்து கேட்டன.

"சட்டைங்க. எங்கூட்டுல குடியிருக்கற நாகத்தோடது. காயப் போட்டிருக்குது."

"நாகமுங்களா? உங்கூட்டுலயா? கடிக்காதுங்களா?"

"எங்கள எதுக்குக் கடிக்குது? காவலுக்கு வெச்சிருக்கறோம்."

அது நாகத்தின் சட்டையே அல்ல, சாரையின் சட்டை. தவிட்டுக்குருவிகளுக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் அவற்றுக்குத் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் கொறங்காடு முழுக்கச் செய்தி போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் போனபோது அந்த நாகத்துக்கு இரண்டு தலை இருந்தது.

மறுநாள் லேசாகத் தூறியது. புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டது. ஈசல் என்றால் அங்கே எல்லோருக்கும் விருந்து. ஆனால் கருஞ்சிட்டுக்கு அதில் இடம் கிடைத்ததே இல்லை. மைனாக்கள் முன்னால் நிற்கும், கரிச்சான் மேலிருந்து பாயும். நிமிர்வாலன் தன் வாழ்நாளில் தின்ற ஈசல் எல்லாம் மற்றவர்கள் வாயிலிருந்து தவறி விழுந்தவை.

அன்று அவன் போய் நின்றதும் ஒரு மைனா திரும்பிப் பார்த்தது.

"பாம்பூட்டுக்காரரு வர்றாரு. வழி உடுங்க," என்றது.

வழி விட்டார்கள். நிமிர்வாலன் புற்று வாசலிலேயே நின்று வயிறு முட்டத் தின்றான். ஒரு மைனா அவனுக்காக ஓர் ஈசலைப் பிடித்து இறகை நீக்கிக் கொடுத்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். அவனும் அதைத்தான் தனக்குள் கேட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணாத்தாளிடம் நடந்ததைச் சொன்னான்.

"வவுறு நெறஞ்சுதுங்களா?" என்றாள் அவள்.

"நெறஞ்சுது."

"அப்ப இத்தோட நிறுத்திக்குங்க."

அவன் நிறுத்தவில்லை. நாகம் என்ன சாப்பிடும், எப்போது தூங்கும், தன்னிடம் எவ்வளவு பிரியமாக இருக்கும் என்றெல்லாம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த நாள் காலையில் வேலியைத் தாண்டி ஒரு கீரி வந்தது. சொன்ன சொல் தவறாத கீரி என்று அதற்கு அந்த வட்டாரத்தில் பேர். அப்படி ஒரு பேர் வாங்கிவிட்டால் பிறகு சௌகரியமாக இருக்க முடியாது. ஆனாலும் அது காப்பாற்றிவந்தது.

கீரி கற்குவியலுக்கு முன்னால் வந்து மரியாதையாக நின்றது.

"ஏனுங்க, நாகம் ஊட்டுல இருக்குதுங்களா?"

"எதுக்குங்க?"

"திங்கறதுக்குங்க."

கீரி கற்குவியலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் தோண்ட மாட்டனுங்க. நாலு கல்லை நகத்தினாப் போதும்," என்றது.

அந்த நாலு கல்லுக்கு உள்ளேதான் மூன்று முட்டையும், அவற்றின்மேல் மண்ணாத்தாளும் இருந்தார்கள்.

'நாகமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் சட்டைதான்' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்வேல மரத்தில் தவிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"அது எங்கூட்டுப் பாம்புங்க," என்றான் நிமிர்வாலன். "தொடக்கூடாதுங்க. நீங்க வாக்குக் குடுக்கோணும்."

கீரி யோசித்தது. "நீங்க வளக்கறதுங்களா?"

"ஆமாங்க."

"வளக்கறதைத் தின்னாப் பாவமுங்க. சரி, தொட மாட்டேன். அதைப் பாக்க ஒறம்பரை, சொந்தக்காரப் பாம்பு ஏதாச்சும் வந்தா? அதைத் திங்கலாமுங்களா?"

சும்மா இருந்திருக்கலாம். கீரி கேட்டதே ஓர் ஆசைக்குத்தான். ஆனால் நிமிர்வாலனுக்குத் தன் வீட்டின் அந்தஸ்து நினைவுக்கு வந்தது.

"ஒறம்பரையையும் தொடக்கூடாதுங்க! எங்கூட்டுக்கு வர்றதெல்லாம் பெரிய எடத்துப் பாம்புங்க."

"சரிங்க," என்றது கீரி. "உங்கூட்டுப் பாம்பையும் தொடலே, அதைப் பாக்க வர்ற ஒறம்பரையையும் தொடலே. இது எம்பட வாக்கு."

தவிட்டுக்குருவிகள் சாட்சி.

கீரி நகர்ந்ததும் இடுக்குக்குள்ளிருந்து மண்ணாத்தாளின் குரல் வந்தது.

"வாக்குக் குடுத்தது கீரி. மாட்டிக்கிட்டது நாமங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள," என்றான் நிமிர்வாலன்.

வாக்குக் கொடுத்த கீரி வீட்டுக்குப் போகவில்லை. எதிரில் இருந்த வெள்வேல மரத்தடி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. தொடுவதில்லை என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தது. பார்ப்பதில்லை என்று கொடுக்கவில்லை. ஒருமுறையாவது அந்த நாகத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அதற்கு ஆசை. எதிரே ஒரு கீரி படுத்திருப்பதும் தன் வீட்டுக்கு ஒரு கௌரவம்தான் என்று நிமிர்வாலன் நினைத்துக்கொண்டான்.

உச்சி வெயிலில் ஒரு சாரைப்பாம்பு வந்தது.

அது எலி கிடைக்காமல் இளைத்துப்போன சாரை. கீரி கண்ணயர்ந்து படுத்திருந்த பக்கம் போகாமல், கற்குவியலின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. முள்ளில் தொங்கிய சட்டையைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தது.

"இது எம்பட சட்டையாட்ட இருக்குதே," என்றது.

நிமிர்வாலன் வாசலை மறைத்துக்கொண்டு நின்றான்.

"ஊரெல்லாம் ஒரே பேச்சுங்க. இந்த ஊட்டுல பாம்பு குடியிருக்குதாமா. சட்டையப் பாத்தா அது நாந்தானாட்ட இருக்குது. நான் குடியிருக்கறது எனக்கே தெரியாமப் போச்சு. அதான் ஊடு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேன்."

"உள்ள நாகம் இருக்குது! கடிச்சுப்போடும்!" என்று கத்தினான் நிமிர்வாலன்.

சாரை நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டது.

"இல்லீங்களே. முட்டை வாசந்தான் வருது," என்று சொல்லிவிட்டு இடுக்குக்குள் நுழைந்தது.

அதன் தலை நுழைந்தபோதே மண்ணாத்தாள் அதன் முகத்துக்கு மேலேயே பாய்ந்து வெளியே வந்துவிட்டாள். வந்தவள் ஓடவில்லை. திரும்பி, வெளியே கிடந்த பாம்பின் உடம்பைக் கொத்தினாள். வாலைப் பிடித்து இழுத்தாள். அவள் எடைக்கு அந்தப் பாம்பு சட்டை செய்யவே இல்லை. ஆனாலும் கொத்தினாள். உள்ளே இருப்பது அவள் முட்டை.

நிமிர்வாலன் கீரியிடம் பறந்தான்.

"கீரியாரே! எங்கூட்டுக்குள்ள பாம்புங்க!"

"தெரியுமுங்க. நீங்கதான் சொன்னீங்களே," என்றது கீரி.

"அதில்லீங்க! இது வேற பாம்பு! சாரை!"

"அப்படீங்களா? அதுக்குத்தான் உள்ள நாகம் இருக்குதேங்க. காவலுக்குத்தானே வெச்சிருக்கறீங்க. அது பாத்துக்கும்."

நிமிர்வாலன் அண்ணாந்து பார்த்தான். மரத்தில் தவிட்டுக்குருவிகள். பக்கத்துக் கிளையில் இரண்டு மைனாக்கள். அதில் ஒன்று அவனுக்கு ஈசல் இறகை நீக்கிக் கொடுத்த மைனா. எல்லாம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நாகம் இன்னைக்கு ஊட்டுல இல்லீங்க," என்றான். "வெளியூர் போயிருக்குது."

"ஏனுங்க, ஒண்ணு போச்சுங்க!" என்று கற்குவியலிலிருந்து கத்தினாள் மண்ணாத்தாள்.

கீரி எழுந்து உட்கார்ந்தது. அதற்கும் பதைப்பாகத்தான் இருந்தது. நாக்கில் எச்சிலும் ஊறியது.

"நாகம் ஊட்டுல இல்லீனா, அதைத் தேடி வந்த ஒறம்பரையா இருக்குமுங்க," என்றது. "ஒறம்பரையத் தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கறனுங்களே. கேட்டுத்தானே குடுத்தேன்."

"ஒறம்பரை இல்லீங்க! நாகத்துக்கும் இதுக்கும் ஆகவே ஆகாது! பழைய பகைங்க!"

"பங்காளிச் சண்டைங்களா?" கீரி மறுபடியும் படுத்துக்கொண்டது. "அப்படீன்னா நான் நடுவுல வரவே கூடாதுங்க."

"ஏனுங்க, ரெண்டு போச்சுங்க!"

இந்த முறை மண்ணாத்தாள் கத்தியதோடு நிற்கவில்லை. பறந்து வந்து நிமிர்வாலனுக்கு முன்னால் தரையில் இறங்கினாள். அலகில் பாம்பின் செதில் ஒட்டியிருந்தது. ஓர் இறகு பிய்ந்து தொங்கியது.

"வாலை எறக்கிட்டு உள்ளதைச் சொல்லுங்க," என்றாள்.

நிமிர்வாலன் வாலை இறக்கினான்.

பகலில் அவன் வாலை இறக்கி யாரும் பார்த்ததில்லை.

"நாகமே இல்லீங்க," என்றான். "ஒருநாளும் இருந்ததில்லே. அது வேலியில கெடந்த சாரைச் சட்டை. நாந்தான் இழுத்துட்டு வந்து தொங்கவுட்டேன். ஈசலுக்குப் போனப்ப எல்லாரும் வழி உட்டாங்க. நல்லா இருந்துச்சு. அதனால சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். இது எங்கூட்டுப் பாம்புமில்லே, ஒறம்பரையுமில்லே. எம்பட முட்டையத் திங்க வந்த பாம்பு. இன்னும் ஒண்ணுதானுங்க இருக்குது."

"அப்ப நான் குடுத்த வாக்கு?"

"இல்லாத பாம்புக்கு வாங்குன வாக்குங்க."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க," என்றபடி கீரி எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பாம்புக்கும் கீரிக்கும் இடையே வழக்கமாக நடப்பது. உங்களுக்கு அது தெரியும். இடுக்கிலிருந்து வாலைப் பிடித்து இழுத்ததில் நாலு கல் நகர்ந்தது. அதற்கு மேல் எதுவும் கெடவில்லை.

வேலை முடிந்ததும் கீரி வாசலுக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு முட்டை கிடந்தது. மண்ணாத்தாள் அதற்கும் கீரிக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"பயப்படாதீங்க அம்மிணி," என்றது கீரி. "நான் முட்டையும் திங்கறவந்தானுங்க. ஆனா இப்ப வவுத்துல எடமில்லே." சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. அது உள்ளதை உள்ளபடி சொல்லும் கீரி.

மண்ணாத்தாள் ஒற்றை முட்டையின்மேல் போய் உட்கார்ந்தாள். நிமிர்வாலனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாகம் இருக்கிறது என்ற செய்தி பரவ ஒரு பொழுது ஆனது. நாகம் இல்லை என்ற செய்திக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. அடுத்த ஈசலுக்குப் போனபோது மைனாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுற்றுவட்டாரத்துக் கருஞ்சிட்டுகள் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டன. அவற்றின் கோபத்தில் நியாயம் இருந்தது. காலங்காலமாக எந்தக் கருஞ்சிட்டும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இவன் ஊரறியப் போட்டு உடைத்துவிட்டான். கூட்டுக்குள் இருப்பது வெறும் சட்டைதான் என்று இப்போது எல்லா ஒடக்கானுக்கும் தெரியும்.

ஓர் ஒடக்கான் வந்து கல்மேல் ஏறித் தலையை ஆட்டியது.

"பாம்பு இல்லீங்களாமா?" என்று விசாரித்தது.

"இல்லே," என்றான் நிமிர்வாலன். "நான் இருக்கறேன்." அதன் மூக்கிலேயே ஒரு கொத்து கொத்தினான்.

அன்றிலிருந்து விடிந்தது முதல் இருட்டும்வரை அவனே வாசலில் உட்கார்ந்து காவல் காத்தான். நாகம் செய்வதாக அவன் சொல்லித்திரிந்த வேலை அவன் தலையில் விழுந்தது. வெயிலில் கல் சுட்டது. நகரவில்லை. பசித்தபோது மண்ணாத்தாளை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிப்போய் ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு ஓடிவந்தான். ஒடக்கான்கள் மறுபடி மறுபடி வந்தன. மறுபடி மறுபடி மூக்கைத் தடவிக்கொண்டு போயின.

முட்டை பொரிந்தது. இறகு முளைக்காத, கண் திறக்காத, வாயை மட்டும் திறக்கத் தெரிந்த ஒரு குஞ்சு.

செய்தி கேட்டுத் தவிட்டுக்குருவிகள் வந்து இறங்கின. பரப்புவதற்கு ஏதாவது கிடைக்கும் என்று அவற்றுக்கு நம்பிக்கை.

"எத்தனை குஞ்சுங்க?"

"ஒண்ணு," என்றான் நிமிர்வாலன்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்களா?"

இடுக்குக்குள்ளிருந்து மண்ணாத்தாள் அவனைப் பார்த்தாள். மழையைச் சொல்லலாம். பஞ்சத்தைச் சொல்லலாம். சாரையையும் சொல்லலாம். அதில் பொய்கூட இல்லை.

"முட்டை மூணு இருந்துச்சுங்க," என்றான் நிமிர்வாலன். "ரெண்டு எம்பட வாயாலதான் போச்சு."

தவிட்டுக்குருவிகள் மேற்கொண்டு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தன. குஞ்சு வாயைத் திறந்தது. அவன் புழு தேடப் போய்விட்டான்.

நீதி: உண்மையைச் சொல்வதென்றால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். பாதி பாதியாகச் சொன்னால், அது முழுதாகும்வரை வீடு காத்திருக்காது.